வெள்ளியா, வெள்ளையா?

எமது கல்லூரியில் எட்டாந் தரத்திற் பயிலும் மாணாக்கன் ஒருவன் சென்ற தவணையில் ஒரு கிழமை வகுப்புக்கு வரவில்லை. மீண்டு வந்த நாளில் அவன் வலக் கன்னம் சிறிது வீங்கியிருந்தது. பாடத்தை வாசிக்குமாறு எழுப்பினோம். வாயை முழுதுந் திறவாமலே வாசித்தான். கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல் இருந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது.

மாலையில் அவனை அழைத்துச் செல்ல வந்த தாயார் நடந்ததைக் கூறினார். ஏழு மாதங்களுக்கு முன்னரே பல் வைத்தியர் அப்பல்லைப் பார்த்து, சிறு சூத்தைதான், அடைத்துவிட்டாற் போதும் என்றிருக்கிறார். எதனால் அடைப்பது என்று தாயார் கேட்டார். வெள்ளியாலும் அடைக்கலாம், வெள்ளை மருந்தாலும் அடைக்கலாம், யோசித்து வாருங்கள் என்று விடை கிடைத்தது. வீட்டிற்கு வந்து உற்றாரை உசாவினார். வெளிநாட்டிலிருக்கும் மாமனார் தொலைபேசியில், வெள்ளி அடைப்பில் இரசம் இருக்கிறது, இரசம் நஞ்சு, இங்கே அதனைத் தடுத்துவிட்டார்கள் என்றார். அயல்வீட்டு அம்மையார், வெள்ளை அடைப்பு இரண்டு வருடத்திற் கழன்று விழும், காசுக்குத்தான் கேடு என்றார். பின்னர் சோதனை வந்தது, திருவிழா வந்தது, மழையும் வந்தது.

"எது நல்லதெண்டு தெரியாமல் இருந்திட்டம், சேர்" என்று தாயார் முடித்தார்.

அவர்கள் இருந்துவிட்டார்கள், சூத்தை இருந்துவிடவில்லை. அது பல்லின் உட்குழி வரை சென்று சீழ் கட்டிற்று. வேருக்குச் சிகிச்சை செய்து காக்கும் நிலையையும் கடந்துவிட்டதனாற் பல்லைப் பிடுங்க நேர்ந்தது. அப்பல் ஏறக்குறைய ஆறாம் வயதில் முளைப்பது. பாற்பல் எதுவும் விழுந்த இடத்தில் வருவதன்று. பாற்பல் வரிசைக்குப் பின்னே தனியாக முளைப்பது. அதனால் அதனையும் பாற்பல் என்றே எண்ணி, விழுந்தால் வேறொன்று முளைக்கும் என்று பெற்றோர் பலர் அமைதி கொள்கின்றனர். வேறொன்று முளைப்பதில்லை.

வெள்ளியா, வெள்ளையா என்னும் வினா அத்தாயார் ஒருவருக்கே உரியதன்று. பல் வைத்தியரின் நாற்காலியில் அமர்ந்த எவர்க்கும் அது எழும். ஆதலின் இக்கிழமை அவ்வினாவையே எடுத்துக்கொண்டு, பல்லை அடைக்கும் பொருள்களை ஒன்றோடொன்று வைத்து ஒப்புநோக்க எண்ணினோம்.

அடைப்பு என்ன செய்யவேண்டும்?

பல்லின் புறத்தே மிளிரி என்னும் உறை இருக்கிறது. மனித உடம்பிலுள்ள பொருள்கள் யாவற்றினும் வன்மை மிக்கது அதுவே. எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 96 பங்கு கனிப்பொருள். அதன் கீழே பன்முதல் என்னும் சற்று மென்மையான பகுதியும், அதன் நடுவே நரம்பும் குருதிக்குழாயும் உறையும் உட்குழியும் உள்ளன. நாம் உண்ணும் இனிப்பை வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் கனிப்பொருளைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. கரைவு தொடக்கநிலையில் இருக்கும்போது உமிழ்நீரும் புளோரைட்டும் அதனை ஓரளவு மீட்கும். குழி விழுந்துவிட்டாலோ மீட்சியில்லை. முறிந்த எலும்பு பொருந்தும். வெட்டுண்ட தோல் ஆறும். மிளிரியில் உயிர்க்கலங்கள் இல்லாமையால் அது தானாக வளர்ந்து குழியை மூடமாட்டாது. ஆகவே மனிதன் கையால் மூடவேண்டியதாயிற்று.

மூடும் பொருள் எத்தனை சோதனைகளைத் தாங்கவேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். முறுக்கையும் கச்சானையும் கடிக்கும் அழுத்தத்தைத் தாங்கவேண்டும். ஆயினும் எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும் அளவுக்குக் கடினமாயிருத்தல் ஆகாது. சுடச்சுடத் தேநீரும், அடுத்த கணம் குளிர்ந்த நீரும் படும்போது, பல் விரிந்து சுருங்கும் அளவை ஒட்டியே தானும் விரிந்து சுருங்கவேண்டும். இரவும் பகலும் உமிழ்நீரில் ஊறிக் கிடந்தும் கரைதல் கூடாது. பல்லுக்கும் தனக்கும் இடையே நுண்ணுயிர் நுழைய வழிவிடல் கூடாது. உடம்புக்குத் தீங்கு செய்தல் கூடாது. இவற்றின்மேல், பார்வைக்குப் பல்லைப்போல் இருக்கவேண்டும். ஏழையும் வாங்கும் விலையில் இருக்கவேண்டும். இத்தனையும் ஒருங்கே பொருந்திய பொருள் இன்றுவரை கிடைக்கவில்லை. அடைப்புப் பொருள்களின் வரலாறு முழுவதும், ஒரு குறையைத் தீர்க்கப்போய் மற்றொரு குறையை ஏற்றுக்கொண்ட வரலாறே.

மெழுகும் பொன்னும்

சுலொவீனியா நாட்டிற் கிடைத்த 6,500 ஆண்டுப் பழமையான தாடையெலும்பு ஒன்றில், வெடித்த பல்லின்மேல் தேன்மெழுகு இட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்மெழுகு அம்மனிதன் உயிரோடிருக்கும்போது இடப்பட்டதாயின், நாமறிந்த பல்லடைப்புகளுள் அதுவே மிகப் பழையவற்றுள் ஒன்றாகும். மெழுகு கூச்சத்தைத் தணித்திருக்கலாம், கடிப்பதற்கு உதவியிராது.

ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே பொற்றகட்டாற் பல்லடைக்கும் வழக்கம் எழுதப்பட்டுள்ளது. பொன் துருப்பிடியாது, உமிழ்நீரிற் கரையாது, எதிர்ப்பல்லைத் தேய்க்காது. மெல்லிய பொற்றகட்டைச் சூடாக்கித் தூய்மை செய்து குழியினுள் வைத்து அடித்தால், நெருப்பில்லாமலே ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். 1855இல் அமெரிக்கப் பல் வைத்தியரான இரொபேட் ஆதர் இம்முறையை விளக்கினார். 1907இல் வில்லியம் தகாட் என்பவர், குழியின் வடிவை மெழுகில் எடுத்து அதற்கேற்பப் பொன்னை வார்க்கும் முறையைப் பல் வைத்தியத்திற் பரவச் செய்தார். நம்மூர்ப் பொற்கொல்லரும் விக்கிரகம் வார்க்கும் சிற்பியரும் நெடுங்காலமாய்க் கையாளும் மெழுகு வார்ப்பு முறையே அது.

நீடித்து நிற்பதிற் பொன்னை வெல்லும் அடைப்புப் பொருள் அரிது. அதன் குறை விலை. அன்றும் அது செல்வர்க்கே உரியதாயிருந்தது. இன்றைய பவுண் விலையில் அதனைப் பற்றிப் பேசுவதே வீண். பீங்கானாற் செய்து ஒட்டும் அடைப்புகளும் இப்போது உள்ளன. அவையும் அழகியவை, விலை மிக்கவை.

வெள்ளி அடைப்பு

வெள்ளி என்று நாம் சொல்லும் அடைப்பில் வெள்ளி மட்டும் இருப்பதில்லை. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் துகளோடு, ஏறக்குறைய அதே எடையுள்ள இரசத்தைச் சேர்த்துக் குழைப்பர். எனவே அதன் சரியான பெயர் இரசக்கலவை. குழைத்த சில நிமிடங்கள் அது களிமண்போல் இசைந்து கொடுக்கும். பின்னர் இறுகும். ஒரு நாளைக்குள் முழு வன்மையும் எய்தும்.

சீனத்தில் 659ஆம் ஆண்டைச் சேர்ந்த மருந்து நூலிலேயே இத்தகைய வெள்ளிப் பசை குறிப்பிடப்பட்டுள்ளது. ஐரோப்பாவில் 1826இல் பாரிசு நகரத்துத் தவோ என்பவர் வெள்ளியையும் இரசத்தையும் சேர்த்துப் பல்லடைத்தார். 1833இல் குரோக்கர் சகோதரர் இருவர் அதனை நியூயோர்க்கிற்குக் கொண்டுசென்று மலிவாக அடைக்கத் தொடங்கினர். பொன்னால் அடைத்துவந்த வைத்தியர்கள் சினந்தெழுந்தனர். 1840இல் தோன்றிய அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம், இரசக்கலவையைத் தொடுவதில்லை என்று தன் உறுப்பினரிடம் உறுதிமொழி கேட்டது. உறுதிமொழியும் நிலைக்கவில்லை, சங்கமும் நிலைக்கவில்லை. பிளவுபட்டு 1856இற் கலைந்தது. 1890களில் கிறீன் வார்டிமன் பிளாக் என்னும் பேரறிஞர் கலவையின் அளவுகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, வெள்ளி ஏறக்குறைய மூன்றில் இரு பங்கும் வெள்ளீயம் நான்கில் ஒரு பங்கும் கொண்ட சேர்க்கையை வகுத்தார். 1960களிற் செம்பின் அளவைக் கூட்டியதும் அதன் அரிப்புக் குறைந்தது.

இரசக்கலவையின் பெருஞ் சிறப்பு அதன் பொறுமை. குழியில் உமிழ்நீரின் ஈரம் சிறிது இருந்தாலும் ஏனையவற்றைப்போல் அது கெட்டுவிடுவதில்லை. கடைவாய்ப் பற்களின் அழுத்தத்தைப் பல்லாண்டுகள் தாங்கும். விலையும் குறைவு. அதன் குறை, பல்லோடு ஒட்டாமை. ஒட்டாத பொருளைக் குழியில் நிறுத்தவேண்டுமாயின், வாய் குறுகி அடி அகன்ற குடம்போலக் குழியை வெட்டவேண்டும். அதற்காக நோயற்ற பல்லிலும் ஒரு பங்கை இழக்கிறோம். நிறமோ கரும் சாம்பல், முன்பல்லுக்கு ஆகாது.

எமது வாயிலும் அத்தகைய அடைப்பொன்று இருக்கிறது. 1992ஆம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டாண்டு கடந்திருந்தது. பாடசாலைப் பற்சிகிச்சை அறையில், நாம் மிஸ்ஸி என்றழைத்த அம்மையார், காலால் மிதித்துச் சுழற்றும் எந்திரத்தாற் சூத்தையைத் துளைத்தெடுத்தார். சிறிய கல்வத்தில் வெள்ளித் துகளையும் இரசத்தையும் இட்டு அரைத்தார். அரைத்ததைத் துணியிற் பொதிந்து முறுக்கி, மிகுந்த இரசத்தைப் பிழிந்தார். சாளரத்தின் வெளிச்சமே விளக்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவ்வடைப்பு இன்றும் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது. பின்னர் நாம் சொல்லப்போகும் வெள்ளை அடைப்பை அன்று அவ்வறையில் வைக்க முடியாது. அதற்கு மின்னொளி வேண்டும். ஒரு பொருள் நல்லதா என்று கேட்கும்போது, எங்கே நல்லது, யாருக்கு நல்லது என்றுஞ் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பதை அவ்வடைப்பே எமக்குக் கற்பித்தது.

இரசம் நஞ்சா?

இரசம் நஞ்சு என்பதைச் சித்த வைத்தியத்தை அறிந்த தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு மூலகம் தனித்து நிற்கும்போதுள்ள குணமும், வேறொன்றோடு சேர்ந்தபின் உள்ள குணமும் வேறு வேறானவை. சோடியம் நீரிற் பட்டாற் தீப்பற்றும் உலோகம். குளோரீன் நஞ்சு வாயு. இரண்டும் சேர்ந்த உப்பை நாம் நாள்தோறும் உண்கிறோம். இரசக்கலவையில் இரசம் வெள்ளியோடு கூடி இறுகிவிடுகின்றது. உப்பைப்போல் முற்றும் அடங்கிவிடுகிறது என்று சொல்ல இயலாது; மெல்லும்போதும் பல்லை நெரிக்கும்போதும் மிகச் சிறிய அளவில் ஆவி வெளிப்படும். அச்சிறு அளவு தீங்கு செய்யுமா என்பதுதான் வினா.

இதற்கு விடை காண அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 534 சிறுவர்களையும், போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் 507 சிறுவர்களையும் தெரிந்தெடுத்து, ஒரு சாரார்க்கு இரசக்கலவையாலும் மறு சாரார்க்கு வேறு பொருளாலும் அடைத்து, முறையே ஐந்தும் ஏழும் ஆண்டுகள் கவனித்தனர். முடிவுகள் 2006இல் வெளிவந்தன. இரசக்கலவை பெற்ற சிறுவரின் சிறுநீரில் இரசம் சற்று மிகுந்திருந்தது. ஆனால் நினைவாற்றல், கவனம், நரம்பின் வேகம் முதலியவற்றில் இரு சாரார்க்கும் வேறுபாடு காணப்படவில்லை.

அப்படியாயின் மாமனார் சொன்ன தடை பொய்யா? பொய்யன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2025 சனவரி முதல், தவிர்க்க முடியாத மருத்துவத் தேவையிலன்றி இரசக்கலவையால் அடைப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் அத்தடையின் முதற் காரணம் அடைத்துக்கொண்டவரின் வாயன்று. நம் எல்லோருடைய நிலமும் நீருமே. யப்பானில் மினமாட்டா விரிகுடாக் கரையில், தொழிற்சாலைக் கழிவோடு கலந்த இரசச் சேர்வை மீன்களில் ஏறி, மீனுண்டவரை முடமாக்கியது. 1956இல் அந்நோய் உலகிற்குத் தெரியவந்தது. பல்லில் இருக்கும் இரசம் அத்தகைய சேர்வையன்று. எனினும் வைத்தியசாலைக் கழிவுநீரோடு ஓடும் இரசமும், சுடலையில் எரியும் உடம்பின் பற்களிலிருந்து ஆவியாகும் இரசமும் ஈற்றில் மண்ணையும் கடலையும் அடைகின்றன. அங்கே நுண்ணுயிர்கள் அதனை மீனில் ஏறும் வடிவத்திற்கு மாற்றவல்லன.

ஆதலின் 2013இல் உலக நாடுகள் மினமாட்டாவின் பெயராலேயே ஓர் உடன்படிக்கை செய்தன; 2017இல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஒரு நாடு. பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்க்கும், கருவுற்ற தாய்மார்க்கும், பாலூட்டும் தாய்மார்க்கும் இரசக்கலவையைத் தவிர்ப்பதென 2022இல் அந்நாடுகள் இணங்கின. 2034இற்குள் அதனைப் பல் வைத்தியத்தினின்று முற்றாக நீக்குவதென 2025இல் முடிவு செய்தன. எமது மாணாக்கனின் வயது பதின்மூன்று. எனவே அவனைப் பொறுத்தவரை வெள்ளை என்பதே இன்றைய நெறிக்கு இசைந்த விடை. அவ்விடையை வைத்தியரிடமே மறுநாட் கேட்டிருந்தால் ஏழு மாதம் கழிந்திராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தடை என்ற சொல்லைக் கேட்டதும், வாயில் நலமாயிருக்கும் பழைய வெள்ளி அடைப்புகளைப் பிடுங்கி மாற்றப் புறப்படுவோர் உளர். அது வேண்டாத செயல். துளைத்தெடுக்கும்போதே ஆவி மிகுதியாய் எழும். நல்ல பல்லும் சிறிது போகும். குறையில்லாத அடைப்புகளை அகற்றவேண்டாம் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2020இற் கூறியுள்ளது. வெடித்தோ, ஓரத்திற் சூத்தை பிடித்தோ இருந்தால் மாற்றலாம்.

வெள்ளை அடைப்பு

வெள்ளை என்று வைத்தியர் சொன்னது பெரும்பாலும் கொம்போசிற் எனப்படும் பிசினாகவே இருக்கும். அது பிறந்த கதை சுவையானது. 1955இல் அமெரிக்காவின் மைக்கல் புவனகோர் என்பவர், உலோகத்திற்கு நிறந்தீட்டுமுன் பொசுபோரிக்கமிலத்தாற் கழுவினால் நிறம் நன்கு பிடிக்கும் என்னும் தொழிற்சாலை வழக்கத்தை அறிந்து, அவ்வமிலத்தைப் பல்லின் மிளிரியில் அரை நிமிடம் தடவிப் பார்த்தார். மிளிரி கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளாகச் சொரசொரத்தது. அதன்மேல் இட்ட பிசின் அக்குழிகளுட் புகுந்து பிடித்துக்கொண்டது. அதுகாறும் பல்லில் எதையும் நிறுத்த வெட்டவேண்டியிருந்தது. அன்று முதல் ஒட்டலாம் என்றாயிற்று. 1962இல் இரபேல் போவன் என்னும் மற்றோர் அமெரிக்க அறிஞர், வலிய புதுப் பிசினொன்றைக் கண்டு அதில் நுண்ணிய கண்ணாடித் துகளைக் கலந்து உறுதிசெய்தார். இன்றைய வெள்ளை அடைப்புகள் அவ்விருவர் வழிவந்தவை. பிசினைச் சிறிது சிறிதாக இட்டு நீலவொளியைப் பாய்ச்சினால் சில விநாடிகளில் அது கல்லாகிறது.

சூத்தையை மட்டும் எடுத்தாற் போதும், நல்ல பல்லை வெட்டவேண்டுவதில்லை என்பது இதன் முதற் சிறப்பு. பல்லின் நிறத்திலேயே அமைவது இரண்டாவது. ஆனால் இது பொறுமையற்ற பொருள். அமிலம் தடவிய இடத்தில் ஒரு சொட்டு உமிழ்நீர் பட்டாற் பிடிப்புத் தளரும். இறுகும்போது கனவளவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். சுருங்கும் இடத்தில் மெல்லிய நீக்கல் விழுந்தால் மீண்டும் சூத்தை நுழையும். அதனாலேயே ஒரேயடியாக நிரப்பாமல், இரண்டு மில்லிமீற்றர் அளவான படைகளாக இட்டு ஒளி பாய்ச்சுவது வழக்கம். வைத்தியர்க்கு நேரமும் கைத்திறனும் வேண்டும். விலையும் ஏறும்.

மேற்சொன்ன லிஸ்பன் ஆய்வில், ஏழாண்டு முடிவில் இரசக்கலவை அடைப்புகளில் நூற்றுக்கு 94.4 நிலைத்திருந்தன, கொம்போசிற் அடைப்புகளில் 85.5 நிலைத்திருந்தன. அயல்வீட்டு அம்மையார் சொன்னதிலும் ஒரு துளி உண்மை உண்டு என்பது இதனாற் தெரியும். ஆயினும் இரண்டு வருடத்திற் கழன்று விழும் என்பது மிகை. ஏழாண்டு சென்றும் ஏழில் ஆறு நின்றன அல்லவா? அக்காலத்தின்பின் ஒட்டும் பசைகளும் திருந்தியுள்ளன.

மூன்றாவது ஒன்று

வெள்ளி, வெள்ளை என்னும் இரண்டையே மக்கள் அறிவர். மூன்றாவது ஒன்றும் உண்டு. இலண்டனில் அரசினர் இரசாயன ஆய்வுகூடத்தில் அலன் வில்சன், பிறையன் கென்ற் என்னும் இருவர், 1970களின் தொடக்கத்தில் கண்ணாடி அயனோமர் என்னும் சீமெந்தை வெளியிட்டனர். புளோரைட்டுக் கலந்த கண்ணாடித் தூளையும் ஒருவகை அமிலத்தையும் குழைத்தால் தானாகவே இறுகும், ஒளி வேண்டுவதில்லை. பல்லின் கல்சியத்தோடு இரசாயன முறையிலேயே பிணைந்துகொள்ளும். இறுகியபின்னும் நெடுநாள் சிறிது சிறிதாகப் புளோரைட்டை வெளிவிடும். அதன் குறை வன்மைக் குறைவு. பெரிய குழியில், கடியழுத்தம் மிகுந்த இடத்தில் வைத்தால் தேயும், வெடிக்கும்.

குறையிருந்தும் இது ஏழை நாடுகளுக்குப் பெருந்துணையாயிற்று. 1980களின் நடுப்பகுதியில் தான்சானியாவில், மின்சாரமும் துளைக்கும் எந்திரமும் இல்லாத கிராமங்களில், கைக்கருவியாற் சூத்தையைச் சுரண்டியெடுத்து நிரப்பும் முறை தொடங்கிற்று. பின்னர் அம்முறை கண்ணாடி அயனோமரைக் கைக்கொண்டு பல நாடுகளுக்கும் பரவியது. நோவு குறைவாதலாற் சிறுவர் அஞ்சுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதனை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது.

எது நல்லது?

முன்பல்லிலும் கண்ணுக்குத் தெரியும் இடத்திலும் கொம்போசிற் சிறந்தது. சிறுவரின் பாற்பல்லுக்கும், ஈறோரத்துக் குழிக்கும், உமிழ்நீரைத் தடுக்க இயலாத இடத்திற்கும் கண்ணாடி அயனோமர் ஏற்றது. வளர்ந்தோரின் கடைவாய்ப்பல்லில், பெரிய குழியில், ஈரத்தைத் தடுக்க இயலாதபோது இரசக்கலவை நெடுங்காலம் சிறந்து விளங்கியது. இப்போது அது விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. பொன்னும் பீங்கானும் பணமுடையார்க்கு. ஈண்டு நாம் சொல்லியவற்றுள் எதனைத் தெரிந்தெடுத்தாலும், தெரியாமல் விட்ட சூத்தையினும் அது நல்லதே. அம்மாணாக்கனின் சிறு குழியை இவற்றுள் எது அடைத்திருந்தாலும் பல் இன்று அவன் வாயில் இருந்திருக்கும்.

வைத்தியரிடம் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. குழி எவ்வளவு ஆழம்? அவ்விடத்தை ஈரமின்றி வைத்திருக்க முடியுமா? இன்றே அடைத்துவிட முடியுமா? முதலிரண்டுக்கும் வரும் விடையே எந்தப் பொருள் என்பதை முடிவு செய்துவிடும். மூன்றாவதை மறக்கலாகாது. நம் நாட்டு அரசினர் வைத்தியசாலைகளிற் பல்லடைப்புக்குக் கட்டணமில்லை. போகும் நேரமே செலவு.

இன்னொன்று. எந்த அடைப்பும் இயற்கைப் பல்லுக்கு நிகராகாது. அடைப்புக்கும் ஆயுள் உண்டு. மாற்றும்போதெல்லாம் குழி சிறிது பெரிதாகும். புளோரைட்டுப் பற்பசையால் நாளுக்கு இருமுறை துலக்குவதும், உணவுக்கிடையே இனிப்பைக் குறைப்பதும் எல்லா அடைப்பினும் மலிவானவை.

அத்தாயாரிடம் நாம் கூறியதும் இவ்வளவே. "அம்மா, நடந்ததை விடுங்கள். வீட்டில் இளைய பிள்ளை இருக்கிறாளே, அவள் வாயைப் பார்த்தீர்களா?" என்று கேட்டோம். அடுத்த சனிக்கிழமையே அழைத்துச் சென்றார். ஏழு வயதுச் சிறுமி. புதிதாய் முளைத்த கடைவாய்ப்பல்லில் ஊசிமுனையளவு கறுப்பு. வைத்தியர் கண்ணாடி அயனோமரால் அன்றே அடைத்து அனுப்பினார். கால் மணி நேரம் ஆயிற்றாம், அழவில்லையாம்.

தமையன் இச்செய்தியை எமக்குச் சொல்ல ஆசிரியர் அறைக்கு வந்தான். சொல்லிவிட்டுத் தயங்கி நின்றான். சேரின் வெள்ளி அடைப்பைப் பார்க்கலாமா என்று கேட்டான். சாளரத்துப் பக்கம் திரும்பி வாயைத் திறந்து காட்டினோம். நெடுநேரம் உற்றுப் பார்த்தான். பின்னர், தன் நாவால் அந்த வெற்றிடத்தைத் தடவிக்கொண்டே வகுப்புக்குப் போனான்.